டேங்குக்குள் ஆள் இறங்காமல் ஆய்வு செய்ய ரோபோ போதுமா? வேலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்

தகடுதட்டி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். வளைகுடாவில் 14 வருடமாக எண்ணெய் டேங்க் ஆய்வு வேலையில் இருக்கிறேன். தகட்டின் தடிமன் அளப்பது, வெல்டு பார்ப்பது, அறிக்கை எழுதுவது. எங்கள் நிறுவனம் போன மாதம் காந்தச் சக்கரம் வைத்த ஒரு ரோபோவை இறக்கியிருக்கிறது. டேங்கின் வெளிச்சுவரில் பல்லி மாதிரி ஏறி அல்ட்ராசோனிக் அளவு, அதாவது ஒலி அலையால் தகட்டின் தடிமன், எடுத்துக்கொண்டே போகிறது. சாரம் கட்ட வேண்டிய வேலை இல்லை. அடுத்ததாக டீசல் நிரம்பிய டேங்குக்குள்ளேயே ஒரு ரோபோவை மூழ்கடித்து அடித்தட்டைப் பார்க்கப் போவதாகச் சொல்கிறார்கள். எங்கள் கேம்பில் பாதிப் பேர் வேலை போய்விடும் என்று பயப்படுகிறார்கள், மீதிப் பேர் அதெல்லாம் இரண்டு வருடத்தில் மூலையில் கிடக்கும் என்கிறார்கள். எனக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

நான் ஏன் இதை இவ்வளவு யோசிக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏழு வருடத்துக்கு முன்பு, வேறு ஒரு நிறுவனத்தில் இருந்தபோது, காலி செய்து கழுவிய ஒரு கச்சா எண்ணெய் டேங்குக்குள் நான்கு பேர் இறங்கினோம். காலையில் கேஸ் டெஸ்ட் எடுத்தார்கள், மீட்டரில் எல்லாம் சரி, பெர்மிட்டில் கையெழுத்தும் ஆகிவிட்டது. பதினொரு மணி வாக்கில் சுவரோரமாகக் காய்ந்து கிடந்த கசடை ஒருவர் மண்வெட்டியால் கிளறினார். மேலே ஓடு மாதிரி இறுகியிருந்தது, அடியில் ஈரம். உள்ளே அடைபட்டிருந்த ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு அப்படியே வெளியே வந்தது. பேசிக்கொண்டே இருந்தவர் வாக்கியத்தை முடிக்காமல் சரிந்தார். தூக்கப் போனவரும் அவர் மேலேயே விழுந்தார். என் சட்டையில் மாட்டியிருந்த அலாரம் அலறியது, நானும் இன்னொருவரும் மேன்வேயை, அதாவது ஆள் நுழையும் வாசலைப் பார்த்து ஓடினோம். விழுந்தவர்களை விட்டுவிட்டு ஓடினோம். அப்படித்தான் ஓட வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அது சரியும்கூட, ஆனால் அந்த இருபது அடி இன்னும் கனவில் வருகிறது. வெளியே காவலுக்கு நின்ற நேபாளத் தம்பி உள்ளே பாயாமல் சைரனை அழுத்தினான். மூச்சுக்கருவி போட்ட மீட்புக் குழு வந்து இருவரையும் இழுத்தது. இருவரும் பிழைத்துவிட்டார்கள். ஒருவருக்கு ஞாபகம் முன்பு போல் இல்லை.

சரி, என் கேள்வி இதுதான். ரோபோ எடுக்கும் அளவை நீங்கள் நம்புகிறீர்களா? ஆள் இறங்குவதை முழுவதுமாக நிறுத்த முடியுமா?

குழாய்வழி

வணக்கம் அண்ணா. படித்ததும் கொஞ்ச நேரம் எதுவும் எழுத வரவில்லை.

நான் குழாய்ப் பாதை பராமரிப்பில் இருக்கிறேன். எங்கள் துறையில் ரோபோ புதிய விஷயம் இல்லை. குழாய்க்குள் போகும் கருவியை நாங்கள் 'பிக்' என்கிறோம், பன்றிதான். 1960-களின் நடுவிலேயே காந்தப் புலத்தால் உலோகம் குறைந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் பிக் அமெரிக்காவில் ஓடியிருக்கிறது. வேலை செய்யும் விதம் அழகானது. வலுவான காந்தங்கள் குழாயின் சுவரைக் காந்தத்தால் நிரப்புகின்றன. சுவர் முழுசாக இருந்தால் புலம் உள்ளேயே ஓடிவிடும். அரித்துப் போன இடத்தில் மட்டும் கொஞ்சம் வெளியே கசியும், அதைச் சுற்றிலும் இருக்கும் சென்சார்கள் பிடித்துக்கொள்ளும். தள்ளுவதற்குத் தனி மோட்டார் கிடையாது, பின்னால் வரும் எண்ணெயே தள்ளும்.

ஆனால் நீங்கள் நம்பிக்கையைப் பற்றிக் கேட்டதால் பிரட்ஹோ பே கதையைச் சொல்ல வேண்டும். அலாஸ்காவின் வட முனையில் இருக்கும் எண்ணெய் வயல். 2006 மார்ச் 2-ஆம் தேதி அங்கே ஒரு ஊழியர் ரோந்து போகும்போது எண்ணெய் வாடை அடித்தது. இறங்கிப் பார்த்தால் 34 அங்குலக் குழாயில் பாதாம்பருப்பு அளவு ஓட்டை, பனிக்கு அடியில் நாள்கணக்கில் எண்ணெய் ஓடியிருக்கிறது. 7.5 லட்சம் லிட்டருக்கு மேல். கசிவைக் கண்டுபிடிக்க வைத்திருந்த கருவி சத்தமே போடவில்லை, ஏனென்றால் கசிந்த வேகம் அது உணரும் அளவுக்குக் கீழே இருந்தது. அந்தக் குழாயில் கடைசியாக ஆய்வுப் பிக் ஓடியது 1998-இல். எட்டு வருடம்! எண்ணெயின் வேகம் குறைந்ததால் அடியில் வண்டல் படிந்து, அந்த வண்டலுக்குக் கீழே பாக்டீரியா உட்கார்ந்து உலோகத்தைத் தின்றிருக்கிறது. அப்புறம் ஆகஸ்டில் கிழக்குப் பக்கக் குழாயில் பிக் ஓட்டிப் பார்த்தபோது அங்கேயும் அரிப்பு, வயலையே பெரும்பாலும் மூட வேண்டிய நிலைக்கு வந்தார்கள். 2007-இல் அந்த வயலை நடத்திய பிபி நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2 கோடி டாலர் கட்டியது.

கருவி கையில் இருந்தது, தொழில்நுட்பம் நாற்பது வருடப் பழசு. ஓட்டவில்லை, அவ்வளவுதான். அதனால் ரோபோ எடுக்கும் அளவை நம்பலாமா என்பதைவிட, அதை எப்போது ஓட்ட வேண்டும், அது சொன்னதற்கு எத்தனை நாளில் பதில் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று உங்கள் நிறுவனத்தில் எழுதி வைத்திருக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். நான் அதைத்தான் கேட்பேன்.

சிவகாமி_ரோபோ

நான் எம்.இ. ரோபோட்டிக்ஸ் படிக்கிறேன், தளத்துக்கு ஒருமுறைகூடப் போனதில்லை. தகடுதட்டி அண்ணா, ஒரு சந்தேகம். டீசல் நிரம்பிய டேங்குக்குள் பேட்டரியும் மோட்டாரும் உள்ள ஒரு பொருளை இறக்குவது ஆபத்தில்லையா? அதைவிட டேங்கைக் காலி செய்துவிட்டு, கூண்டு வைத்த ட்ரோனை உள்ளே பறக்கவிடலாமே. ஃப்ளையபிலிட்டி என்ற சுவிஸ் நிறுவனத்தின் எலியோஸ் ட்ரோன் சுவரில் மோதினாலும் விழாது, அதன் புதிய வகை பறந்துகொண்டே முப்பரிமாண வரைபடமும் போடுகிறது.

தகடுதட்டி

நல்ல கேள்விம்மா. இதைப் பலர் தப்பாகத்தான் நினைக்கிறார்கள், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

தீப்பிடிக்கக் காற்று வேண்டும். திரவத்துக்குள் காற்று இல்லை, அங்கே பொறி பறந்தாலும் பற்றாது. ஆபத்தெல்லாம் திரவத்துக்கு மேலே, கூரைக்குக் கீழே, ஆவியும் காற்றும் கலந்து நிற்கும் அந்த இடைவெளியில்தான். அதனால் மூழ்கும் ரோபோவுக்குச் சிக்கலே அந்த இடைவெளியைத் தாண்டி இறங்கும் நேரமும் திரும்ப ஏறும் நேரமும். அதற்கான சான்றிதழ் இல்லாத எதையும் நான் கூரை மேன்வே பக்கம்கூட விடமாட்டேன்.

காலி செய்து ட்ரோன் விடலாம் என்று சொல்கிறாய். காலி செய்வதில்தான் ஆள் சாகிறான். டேங்கை வற்றவைத்து, ஆவியை வெளியேற்றி, கசடை அள்ளி முடிக்க வாரக்கணக்கில் ஆகும். கந்தகம் அதிகமான கச்சா எண்ணெயாக இருந்தால் சுவரில் இரும்பு சல்பைடு படிந்திருக்கும், அது காய்ந்து காற்றுப் பட்டால் தீக்குச்சி இல்லாமலே தானாகப் பற்றும். ட்ரோன் கூரையையும் தூண்களையும் பார்க்க நல்லது, படமும் எடுக்கும். ஆனால் எங்களுக்கு முக்கியம் அடித்தட்டு, அதுவும் அதன் கீழ்ப்புறம், மண்ணைத் தொட்டுக்கொண்டு இருக்கும் பக்கம். அங்கே துருப்பிடிப்பதைக் கேமரா பார்க்காது. மேலிருந்து அல்ட்ராசோனிக் அடித்தோ காந்தக் கசிவு பார்த்தோதான் தெரியும். 6 மி.மீ. தகடு 2.5 மி.மீ.க்குக் கீழே போக விடக்கூடாது என்பது பொதுவான வழக்கு.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நாங்கள் கையால் எடுக்கும்போது ஒரு தகட்டுக்கு ஐந்து புள்ளி, நான்கு மூலை, ஒரு நடு. அந்த ஐந்துக்கும் நடுவில் ஒரு குழி இருந்தால் எங்களுக்குத் தெரியாது. புதிய ரோபோ வரிவரியாகப் பாயை விரிப்பதுபோல் அளந்துகொண்டே போகிறது. சுவரில் அது காட்டிய ஒரு குழி, நான் மூன்று வருடத்துக்கு முன் பார்த்து நன்றாக இருக்கிறது என்று எழுதிய தகட்டில் இருந்தது. என் புள்ளிகள் இரண்டுக்கும் நடுவில்.

பழைய_ஃபோர்மன்

தம்பி, நான் மணலியில் 31 வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன். உங்கள் எழுத்தைப் படித்தேன், அந்த டேங்க் சம்பவம் மாதிரி நானும் பார்த்திருக்கிறேன், அதில் பிழைக்காதவர்களையும் பார்த்திருக்கிறேன். அதனால் ஆள் இறங்கக்கூடாது என்பதில் எனக்கு எதிர்ப்பே கிடையாது.

எனக்குப் பயம் வேறு இடத்தில். டேங்கோடு நிற்காது இது. இப்போது நாய் மாதிரி நான்கு கால் ரோபோவைத் தளம் முழுக்கச் சுற்றவிடுகிறார்கள், அழுத்தமானியைப் படிக்கிறது, வெப்பப் படம் எடுக்கிறது. அடுத்து என்ன செய்வார்கள் என்றால், இரவு ஷிஃப்டில் ரவுண்ட்ஸ் போகும் ஆபரேட்டரைக் குறைப்பார்கள். ஒரு பம்ப் கெட்டுப்போவதை நான் காதால் கண்டுபிடித்திருக்கிறேன். பேரிங் கவரில் கையை வைத்தால் நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள சூட்டு வித்தியாசம் தெரியும். ஸ்டீம் லைன் ஒன்றில் இன்சுலேஷன் ஓரமாகச் சின்னக் கறை, அதை இளம்பையன் ஒருவன் பார்த்துச் சொன்னான், பிரித்தால் உள்ளே குழாய் காகிதமாக இருந்தது. அவனை அந்தப் பக்கம் போ என்று யாரும் சொல்லவில்லை, அவனாகப் போனான். ரோபோ சொன்ன வழியில்தானே போகும்? இருபது இடத்தைப் பார் என்றால் இருபதைப் பார்க்கும். இருபத்தொன்றாவது இடத்தை யார் பார்ப்பது?

சிவகாமி_ரோபோ

ஐயா, நீங்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது, ஆனால் ரோபோக்களைத் தளத்தில் விட ஆரம்பித்த இடங்களைப் பார்த்தால் ஆள் குறைப்புக்காக மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கஜகஸ்தானில் காஸ்பியன் கடலில் கஷகன் என்று ஒரு வயல். அங்கே வரும் வாயுவில் 15 சதவீதத்துக்கு மேல் ஹைட்ரஜன் சல்பைடு. காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு இருந்தாலே அதை உயிருக்கு ஆபத்தான அளவு என்கிறார்கள். அங்கே ஒரு சின்னக் கசிவு போதும். அந்த மாதிரி இடத்துக்காகத்தான் ஷெல் நிறுவனமும் கார்னெகி மெலன் பல்கலைக்கழகமும் சேர்ந்து சென்சாபாட் என்ற ரோபோவை உருவாக்கின. அந்த வாயு குழாயையே என்ன செய்தது பாருங்கள்: 2013 செப்டம்பரில் உற்பத்தி தொடங்கி, சில வாரத்திலேயே குழாய் விரிசல் விட்டு நிறுத்தி, குழாய்களை மாற்றி 2016 அக்டோபரில்தான் மறுபடி தொடங்கினார்கள்.

டோட்டல் நிறுவனம் 2014 முதல் 2017 வரை ஆர்கோஸ் என்ற போட்டியை நடத்தியது, எங்கள் பாடத்தில் வருகிறது. ஐந்து அணிகள், பிரான்சில் லாக் என்ற ஊரில் பழைய வாயு ஆலையில் சோதனை. படி ஏற வேண்டும், வால்வு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும், கசிவின் சத்தத்தைக் கேட்க வேண்டும், வழியில் தடை இருந்தால் தானாக முடிவெடுக்க வேண்டும். ஆஸ்திரிய, ஜெர்மானியக் கூட்டணி ஜெயித்தது. ஐயா சொன்ன காது விஷயத்தை அவர்கள் மைக்கால் செய்யப் பார்க்கிறார்கள், மனிதக் காதுக்கு எட்டாத சத்தத்தையும் அது கேட்கும். இருபத்தொன்றாவது இடத்துக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

நெய்தல்

கடலுக்கடியில் போகும் ரிமோட் வண்டியை ஓட்டுவது என் தொழில், ஆர்.ஓ.வி. என்போம். நாங்கள் இந்த விவாதத்தை எங்கள் துறையில் முப்பது நாற்பது வருடமாகச் செய்துகொண்டிருக்கிறோம் என்று சொல்லலாம்.

ஒரு காலத்தில் எல்லாவற்றுக்கும் முக்குளிப்பவர்கள்தான் இறங்கினார்கள். ஆழத்தில் வேலை என்றால் அழுத்த அறையிலேயே வாரக்கணக்கில் வாழ வேண்டும். வேலை முடிந்தாலும் உடனே வெளியே வர முடியாது, ஏறத்தாழ 30 மீட்டர் ஆழத்துக்கு ஒரு நாள் என்ற கணக்கில் அழுத்தத்தை மெதுவாகக் குறைக்க வேண்டும். 1983 நவம்பரில் பைஃபோர்ட் டால்ஃபின் என்ற ரிக்கில் அந்த அழுத்தம் ஒரே நொடியில் வெளியேறி ஐந்து பேர் இறந்தார்கள். நார்வே பக்கத்து வடகடலில் நடந்தது. இன்றைக்கு எங்கள் கப்பலில் கண்ணால் பார்க்கும் ஆய்வு முழுக்க வண்டிதான் செய்கிறது. குழாய் அடியில் மண் அரித்துத் தொங்குகிறதா, குழாய் துருப்பிடிக்காமல் இருக்கத் தாங்கள் கரையும் துத்தநாக அலுமினியக் கட்டிகள் (அனோடுகள்) எவ்வளவு கரைந்திருக்கின்றன, அந்தப் பாதுகாப்புக்கான மின்னழுத்தம் மைனஸ் 800 மில்லிவோல்ட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டதா, எல்லாம்.

ஆனால் ஃபோர்மன் ஐயாவின் பயத்தையும் நான் லேசாக எடுக்கமாட்டேன். 2010 ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற ரிக் வெடித்து 11 பேர் போனபோது, 1,500 மீட்டர் ஆழத்தில் வண்டிகள் கிணற்றின் வாயை அடைக்கும் வெடிப்புத் தடுப்பானை மூட என்னென்னவோ முயன்றன. மூடவில்லை. 87 நாள் எண்ணெய் ஓடியது. வண்டிகள் இல்லாவிட்டால் கடைசியில் மூடியைப் பொருத்தியும் இருக்க முடியாது, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் கேமராவில் எல்லாம் தெரிகிறது என்பதாலேயே எல்லாம் நம் கையில் இருக்கிறது என்று நினைக்கும் பழக்கம் எங்களுக்கு உண்டு. எட்டு மணி நேரம் திரையைப் பார்த்தால் ஐந்தாவது மணியில் கண் பார்க்கும், மூளை பார்க்காது. நான் ஒரு தடவை ஒரு பிடிப்பட்டை கழன்றிருந்ததைத் தாண்டிப் போயிருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆய்வாளர்தான் நிறுத்து, பின்னால் போ என்றார். அவர் முன்னாள் முக்குளிப்பவர். அந்தப் பட்டையைக் கையால் மாட்டியிருக்கிறார்.

அலை அடிக்கும் இடத்தில், தண்ணீருக்கு மேலும் கீழும் சில மீட்டரில், வண்டியை நிறுத்தவே முடியாது. அங்கே இன்னும் கயிற்றில் தொங்கித்தான் ஆய்வு செய்கிறோம். ஆள் வேண்டாம் என்று முழுசாகச் சொல்ல இன்னும் காலம் இருக்கிறது.

கடைமடை

நான் தொழில்நுட்பம் தெரிந்தவன் இல்லை. விவசாயி, எங்கள் வயலுக்கு அடியில் குழாய் போகிறது. 2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் குழாயில் கசிந்தபோது நான் போய்ப் பார்த்தேன், வயலில் எண்ணெய் நின்றது. அதற்கப்புறம் எங்கள் ஊரில் மண்ணில் வாடை அடித்தாலே பயம்தான்.

நீங்கள் இவ்வளவு கருவி இருக்கிறது என்கிறீர்கள். எங்கள் வயலுக்கு அடியில் போகும் குழாயில் அந்தப் பிக்கை ஓட்டினார்களா, எப்போது ஓட்டினார்கள், என்ன தெரிந்தது என்று எங்களிடம் யாராவது சொல்வார்களா? யாரிடம் கேட்பது என்றாவது சொல்லுங்கள். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்கிறேன்.

குழாய்வழி

ஐயா, இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி உங்களுடையது.

முதலில் ஒரு உண்மை. எல்லாக் குழாயிலும் பிக் ஓட முடியாது. வயலிலிருந்து சேகரிப்பு நிலையத்துக்கு வரும் சின்னக் குழாய்கள், பழைய குழாய்கள், கூர்மையான வளைவு உள்ளவை, நடுவில் விட்டம் குறைகிற வால்வு உள்ளவை, பிக்கை ஏற்றி இறக்கும் வாசலே வைக்காமல் போட்டவை, இதிலெல்லாம் சிக்கிக்கொள்ளும். இவற்றுக்காகத்தான் தானாக ஊர்ந்து போய்த் திரும்பி வரும் ரோபோக்கள் வருகின்றன, ஆனால் செலவு அதிகம், அதனால் தள்ளிப்போடுகிறார்கள். ஓடும் பிக்கும் எல்லாவற்றையும் பார்க்காது. குழாயின் நீளவாக்கில் காந்தம் ஏற்றும் வகை, அதே நீளவாக்கில் ஓடும் மெல்லிய விரிசலைக் கோட்டை விட்டுவிடும். அதற்கு வேறு வகைப் பிக் வேண்டும்.

அடுத்து நகரம். ஊர்ப் பெயரே நகரம்தான், ஆந்திராவில் அப்போதைய கிழக்கு கோதாவரி மாவட்டம். 2014 ஜூன் 27 விடியற்காலையில் அங்கே கெயில் நிறுவனத்தின் 18 அங்குல வாயுக் குழாய் வெடித்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள், வீடுகள், தென்னந்தோப்பு எல்லாம் எரிந்தன. உலர்ந்த வாயுவுக்காகப் போட்ட குழாயில் ஈரத்தோடு வாயு போயிருக்கிறது, அந்த ஈரம் உள்ளே அரித்திருக்கிறது. முன்பே வாயு வாடை வந்ததாக ஊர்க்காரர்கள் சொன்னார்கள்.

யாரிடம் கேட்பது என்றால், பொதுத்துறை நிறுவனம் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம். 'கடைசியாக உள் ஆய்வு நடந்த தேதி, ஆய்வு வகை, அடுத்த ஆய்வுத் தேதி' என்று மூன்றே கேள்வி, நிலத்தின் சர்வே எண்ணோடு. பாதுகாப்பு என்று சொல்லி மறுக்கலாம், மேல்முறையீடு செய்யுங்கள். நீங்கள் எழுதினால் நான் பார்த்துத் திருத்தித் தருகிறேன், தனி மடலில் அனுப்புங்கள்.

சிவகாமி_ரோபோ

ஒரு விஷயம் சொல்ல வேண்டும் போல இருக்கிறது, தலைப்பிலிருந்து கொஞ்சம் விலகுகிறேன். தகடுதட்டி அண்ணாவின் நண்பர்களை விழவைத்த அதே ஹைட்ரஜன் சல்பைடுதான் நம் ஊரில் பாதாளச் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இறங்குபவர்களைக் கொல்கிறது. அதே மாதிரிதான், ஒருவர் விழுவார், தூக்கப் போனவரும் விழுவார். அங்கே கேஸ் டெஸ்ட் கிடையாது, பெர்மிட் கிடையாது, வெளியே சைரனோடு நிற்க ஆளும் கிடையாது. 2013-லேயே சட்டம் தடை செய்துவிட்டது, இன்னும் இறங்குகிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் ஹோமோசெப் என்று தொட்டியைச் சுத்தம் செய்யும் ரோபோ உருவாக்கியிருக்கிறார்கள், கேரளாவில் பேண்டிகூட் என்ற சாக்கடை ரோபோ இருக்கிறது. நான் திட்ட வேலைக்கு எண்ணெய் டேங்க் எடுப்பதாக இருந்தேன். இந்த இழையைப் படித்த பிறகு, கசடைக் கிளறும்போது வெளிவரும் வாயுவை முன்கூட்டியே அளக்கும் கையை ரோபோவுக்கு வைக்கலாமா என்று யோசிக்கிறேன். இரண்டு இடத்துக்கும் ஆகும்.

பழைய_ஃபோர்மன்

அதைச் செய்யம்மா. கண்டிப்பாகச் செய். கசடு எப்படி இறுகும், மேலே எத்தனை அங்குலம் ஓடு, அடியில் எப்படி இருக்கும் என்பதெல்லாம் புத்தகத்தில் கிடைக்காது. என்னைக் கேள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

இரவு ரவுண்ட்ஸ் விஷயத்தில் நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. ரோபோ போகட்டும், ஆளும் போகட்டும். வாயு உள்ள இடத்துக்கு மட்டும் ஆள் போக வேண்டாம்.

தகடுதட்டி

எல்லோருக்கும் நன்றி. இன்று ஷிஃப்ட் முடிந்து மேலாளரிடம் போய்ப் பேசினேன். குழாய்வழி சொன்னபடி முதலில் அதைத்தான் கேட்டேன்: ரோபோ மோசமான அளவு காட்டினால் எத்தனை நாளில் யார் கையெழுத்துப் போட்டு நடவடிக்கை எடுப்பது? எழுதி வைக்கவில்லை என்றார். எழுதலாம், நீயே வரைவு கொடு என்றார்.

இரண்டாவது, ரோபோவை ஓட்ட வெளியிலிருந்து இரண்டு பேரை வரவைக்கப் போகிறார்கள். அவர்களுக்கு இயந்திரம் தெரியும், தகடு தெரியாது. திரையில் சிவப்பாகத் தெரிவது குழியா, தகட்டுக்குள்ளேயே இருக்கும் உற்பத்திக் குறையா, அடியில் படிந்த வண்டல் எதிரொலியைக் கெடுத்ததா என்று சொல்ல டேங்குக்குள் உட்கார்ந்து அளந்தவன் வேண்டும். நெய்தல் சொன்ன அந்த முன்னாள் முக்குளிப்பவரைத்தான் உதாரணமாகச் சொன்னேன். எங்கள் ஆட்களில் நான்கு பேரைத் தரவு படிக்கும் பயிற்சிக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அதில் ஒருவர் அன்றைக்கு டேங்குக்குள் தூக்கப் போய் விழுந்தவர். இப்போது எங்களோடுதான் வேலை செய்கிறார். இன்னும் பதில் வரவில்லை, வந்ததும் எழுதுகிறேன்.

சுவரோடு ஒட்டிய கடைசி சில அங்குலத்தை, அந்த மூலை வெல்டுக்குப் பக்கத்தில், இப்போதிருக்கும் ரோபோ சரியாகப் படிப்பதில்லை. அரிப்பு அதிகமாக வரும் இடமே அதுதான். அங்கே யாராவது நல்ல கருவி பயன்படுத்தியிருந்தால் இங்கேயே சொல்லுங்கள், வரைவில் சேர்க்க வேண்டும்.